"ஓடிட் செய்யப்பட்ட டோக்கன்" என்றால் என்ன? வளைகுடாவில் உழைக்கும் எம்மவர்கள் அறிய வேண்டியவை

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் எம்மவர்களின் வட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு வகை விளம்பரம் அடிக்கடி வந்து விழுகிறது. புதிதாக ஒரு டோக்கன் வெளிவருகிறது, இப்போது வாங்கினால் சில மாதங்களில் பல மடங்காகும் என்ற வழமையான கதைதான். ஆனால் அதன் அடியில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளமும் "ஸ்மார்ட் கொன்ராக்ட் ஓடிட் செய்யப்பட்டது" என்ற வரியும் இருக்கும். சிலவற்றுடன் பல பக்கங்கள் கொண்ட அறிக்கை ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும்.

அந்த ஒரு வரி பலருடைய சந்தேகத்தை அடக்கிவிடுகிறது. ஓடிட் என்ற சொல்லுக்கு எங்களிடையே ஒரு மரியாதை உண்டு. கோயில் கணக்கானாலும் சரி, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கணக்கானாலும் சரி, ஊர்ச் சங்கத்தின் கணக்கானாலும் சரி, "ஓடிட் முடிந்துவிட்டது" என்றால் கூட்டத்தில் கேள்வி கேட்பவர் அமர்ந்துவிடுவார்.

நான் வணிகமாணிப் பட்டத்தோடு போருக்குத் தப்பி வெளியேறி, கணக்குப் புத்தகங்களோடு பிழைத்தவன். கணினி நிரல் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஓடிட் அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது என் தொழில். ஸ்மார்ட் கொன்ராக்ட் ஓடிட் என்பது பயனுள்ள வேலைதான். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி மிகவும் சிறியது. பெருந்தொகைகள் பறிபோன சம்பவங்கள் பலவற்றில் பணம் வெளியேறியது, ஓடிட்டர் பார்க்காத கதவுகளால்தான்.

டோக்கன் என்பது ஒரு பேரேடு

டோக்கன் என்றதும் பலர் ஒரு நாணயத்தைக் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் அது ஒரு பேரேடு. இன்ன முகவரிக்கு இத்தனை அலகு, இன்ன முகவரிக்கு இத்தனை அலகு என்ற பட்டியல். ஈதரியம் போன்ற புளொக்செயினில் அந்தப் பட்டியலையும் அதில் எப்படிப் பதிய வேண்டும் என்ற விதிகளையும் கொண்ட சிறிய கணினி நிரல்தான் ஸ்மார்ட் கொன்ராக்ட். ஒருவரின் பெயரிலிருந்து இன்னொருவரின் பெயருக்கு மாற்றுவது ஒரு விதி. புதிய அலகுகளை உருவாக்குவது இன்னொரு விதி. "என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை நீ எடுக்கலாம்" என்று மற்றொருவருக்கு அனுமதி கொடுப்பது மூன்றாவது விதி. இது வங்கியில் நாங்கள் கொடுக்கும் நிலையியற் கட்டளையைப் போன்றது.

வங்கிப் பேரேட்டில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தப் பதிவு போடலாம். புளொக்செயினில் பதிந்தது பதிந்ததுதான். அழிக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. கச்சேரியும் வங்கிக் கிளையும் எரிந்த ஊர்களிலிருந்து, காணி உறுதியைக்கூட எடுக்காமல் ஓடி வந்தவர்களுக்கு "எரிக்க முடியாத பேரேடு" என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். கடவுச்சீட்டும் வங்கிக் கணக்கும் இல்லாதவரும் வைத்திருக்கக்கூடிய சொத்து என்பது இன்னொரு கவர்ச்சி. இந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருத்த முடியாத பேரேட்டில் விதிகள் பிழையாக இருந்தால் அந்தப் பிழையும் திருத்த முடியாததாகிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

அப்படி ஒரு பிழை உலகறிய வெளிப்பட்டது 2016 ஜூன் 17 அன்று. ஈதரியத்தில் "த டாவோ" என்ற கூட்டு முதலீட்டு நிதியம் இருந்தது. அதன் நிரலில், பணம் திரும்பக் கேட்பவருக்கு முதலில் பணத்தை அனுப்பிவிட்டு, அதன் பிறகே பேரேட்டில் கழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. வங்கிக் காசாளர் ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பதிவதற்குள், அதே வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் சீட்டை நீட்டினால் என்னவாகும்? ஒவ்வொரு முறையும் பழைய மீதியே தெரியும். ஒவ்வொரு முறையும் பணம் போகும். அன்று போனது சுமார் 36 இலட்சம் ஈதர், அன்றைய விலையில் 50 மில்லியன் டொலருக்கு மேல். அதை மீட்பதற்காக 2016 ஜூலை 20 அன்று ஈதரியப் பேரேட்டின் போக்கையே மாற்றினார்கள். அதை ஏற்காதவர்கள் தனியே பிரிந்து நின்றார்கள். அந்தக் கிளைதான் ஈதரியம் கிளாசிக். இந்தச் சம்பவத்தின் பின்னர்தான், நிரலை வெளியிட முன்னர் வேறொரு தரப்பு வாசித்துப் பார்க்க வேண்டும் என்ற வழமை வேரூன்றி, ஸ்மார்ட் கொன்ராக்ட் ஓடிட் ஒரு தொழிலாக வளர்ந்தது.

ஓடிட்டர் என்ன செய்கிறார்?

டோக்கனை வெளியிடுபவர் நிரலை ஓடிட் நிறுவனத்திடம் கொடுக்கிறார். கட்டணத்தையும் அவரே கொடுக்கிறார். தெரிந்த பிழைகள் இருக்கின்றனவா என்று முதலில் தானியங்கிக் கருவிகளால் சோதிக்கிறார்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரோ சிலரோ வரி வரியாக வாசிக்கிறார்கள். கண்ட குறைகளை மிகக் கடுமையானது, கடுமையானது, நடுத்தரம், சிறியது, தகவலுக்கு மட்டும் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, வெளியிடுபவர் அதைத் திருத்தினாரா இல்லையா என்ற குறிப்பு வரும்.

கணக்காய்வு படித்தவர்கள் எந்த அறிக்கையிலும் முதலில் பார்ப்பது எல்லையைச் சொல்லும் பந்தியைத்தான். எதை ஆய்வு செய்தோம், எதைச் செய்யவில்லை என்பது அங்கேதான் இருக்கும். ஸ்மார்ட் கொன்ராக்ட் அறிக்கையிலும் அது உண்டு. எந்தக் கோப்புகள், எந்தப் பதிப்பு, எந்தத் திகதி என்று குறிப்பிடப்பட்டிருக்கும். "இது முதலீட்டு ஆலோசனை அல்ல, இந்தத் திட்டத்துக்கான ஒப்புதலும் அல்ல" என்ற வாசகமும் பெரும்பாலும் இருக்கும். விளம்பரத்தில் இந்தப் பந்தியை யாரும் காட்டுவதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொரு சொல், "வெளியிடுபவர் இதை அறிந்துகொண்டார்" என்பது. குறையைச் சுட்டிக்காட்டினோம், அவர்கள் பார்த்தார்கள், ஆனால் திருத்தவில்லை என்பதே அதன் பொருள். எங்கள் தொழிலில் நிபந்தனையுடனான அபிப்பிராயம் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட இணையானது. அப்படி ஒரு வரியைக் கொண்ட அறிக்கைக்கும் விளம்பரத்தில் அதே பச்சைச் சரிதான் போடுவார்கள்.

ஓடிட் முடிந்த பிறகு நிரலில் ஒரு வரி மாறினாலும் பழைய அறிக்கை அந்த வரியைப் பற்றி எதுவும் சொல்லாது. 2023 மார்ச் 13 அன்று ஒய்லர் பினான்ஸ் என்ற கடன் தளத்திலிருந்து சுமார் 197 மில்லியன் டொலர் எடுக்கப்பட்டது. அதன் நிரலை ஒன்றுக்கு மேற்பட்ட ஓடிட் நிறுவனங்கள் பார்த்திருந்தன. பிழை இருந்தது, பின்னாளில் சேர்க்கப்பட்ட ஒரு செயற்பாட்டில். கடனாளியின் ஈடு போதுமானதா என்று பார்க்கும் ஒரு சோதனை அதில் விடுபட்டிருந்தது. எடுத்தவரே சில வாரங்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் தளத்தில் பணம் போட்டவர்களின் அதிர்ஷ்டம்.

டுபாய், 2025 பெப்ரவரி 21

நிரலில் பிழையே இல்லாவிட்டாலும் என்ன நடக்கலாம் என்பதற்கு வளைகுடாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டுபாயைத் தலைமையகமாகக் கொண்ட பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்திலிருந்து 2025 பெப்ரவரி 21 அன்று சுமார் 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான ஈதரும் அதைச் சார்ந்த டோக்கன்களும் களவு போயின. ஈதர் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல். கிரிப்டோ வரலாற்றில் அதுவரை நடந்த களவுகளில் இதுவே மிகப் பெரியது. வட கொரிய அரசைச் சார்ந்த ஹக்கர்களே இதைச் செய்ததாக அமெரிக்க எப்.பி.ஐ. சில நாட்களில் அறிவித்தது.

எப்படி நடந்தது? பணம் இருந்தது இணையத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒரு பெட்டகத்தில். சேஃப் என்ற, உலகெங்கும் பயன்படுத்தப்படும், பலமுறை ஓடிட் செய்யப்பட்ட ஸ்மார்ட் கொன்ராக்ட் அது. அதைத் திறக்க ஒருவரின் கையொப்பம் போதாது. எங்கள் ஊர்ச் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் காசோலை செல்லும் அல்லவா? அதே ஏற்பாடுதான்.

ஹக்கர்கள் அந்த நிரலைத் தொடவில்லை. சேஃப் நிறுவனத்தின் ஒரு நிரலாளரின் கணினிக்குள் புகுந்தார்கள். அங்கிருந்து, ஒப்பமிடுபவர்கள் திரையில் பார்க்கும் இணையப் பக்கத்தை மாற்றினார்கள். அதுவும் பைபிட் பெட்டகத்தைத் திறக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி. அன்று வழமையான ஓர் உள்ளகப் பணமாற்றம். திரையில் சரியான முகவரியும் சரியான தொகையும் தெரிந்தன. ஆனால் ஒப்பத்துக்காகக் கையிலுள்ள கருவிக்கு அனுப்பப்பட்டது வேறொரு கட்டளை. "இந்தப் பெட்டகத்தின் விதிப்புத்தகத்தை எடுத்துவிட்டு, நான் தரும் விதிப்புத்தகத்தை வை" என்பதே அதன் சாரம். கருவியில் தெரிந்தது சாதாரணமாக மனிதரால் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத எழுத்தும் இலக்கமும். ஒப்பமிட வேண்டியவர்கள் ஒப்பமிட்டார்கள். புதிய விதிப்புத்தகத்தின்படி பெட்டகம் ஹக்கர்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

கணக்காளர் மொழியில் இது வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டதற்குச் சமன். ஒப்பங்கள் அத்தனையும் உண்மையானவை. நிரல் தனக்குச் சொன்னதைப் பிசகாமல் செய்தது. தோற்றது உள்ளகக் கட்டுப்பாடு. தாம் எதில் ஒப்பமிடுகிறோம் என்பதை வேறொரு வழியால் உறுதிசெய்யும் நடைமுறை அங்கே வேலை செய்யவில்லை. பைபிட் கடன் வாங்கியும் வேறு வழிகளாலும் சில நாட்களில் அந்த இடைவெளியை நிரப்பி, வாடிக்கையாளர்களின் பணத்தைத் தொடர்ந்து கொடுத்தது. எல்லா நிறுவனங்களுக்கும் அந்த வலு இருக்காது.

அந்த வலு இல்லாத உதாரணம் இந்தியாவில், அதற்கு ஏழு மாதம் முன்பே நடந்துவிட்டது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற தளத்திலிருந்து 230 மில்லியன் டொலருக்கு மேல் போனது. அங்கும் பல ஒப்பங்கள் தேவைப்படும் பெட்டகம்தான். திரையில் தெரிந்ததும் உண்மையில் ஒப்பமிடப்பட்டதும் வேறு வேறு என்றுதான் அந்த நிறுவனமும் சொன்னது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. களவு போகாத நாணயங்களை வைத்திருந்தவர்களும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. அவர்களில் ஒருவர், 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வைத்திருந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். கிரிப்டோ நாணயம் சொத்து என்றும், அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஒக்டோபரில் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். தளத்தில் கிடக்கும் நாணயம் யாருடையது என்ற கேள்விக்கு எந்த நிரல் ஓடிட்டும் பதில் சொல்லாது. அதற்கு நீதிமன்றம்தான் தேவைப்பட்டது.

அற்றோணித் தத்துவம் யார் கையில்?

பைபிட் போன்ற பெரிய தளங்களின் கதை இருக்கட்டும். வட்ஸ்அப்பில் வரும் சிறிய டோக்கன்களில் ஆபத்து வேறு வகையானது. அங்கே வெளியிலிருந்து ஹக்கர் வரவேண்டிய தேவையே இல்லை.

காணி வாங்கும்போது நொத்தாரிசு உறுதியைச் சரியாக எழுதியிருந்தாலும், விற்றவர் அந்தக் காணிக்கான அற்றோணித் தத்துவத்தைத் தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தால் அந்த உறுதியால் என்ன பயன்? பல டோக்கன்களில் வெளியிட்டவரின் கையில் அப்படி ஓர் அதிகாரம் இருக்கும். "உரிமையாளர்" என்ற முகவரிக்கான இரகசியத் திறப்பு அவரிடம் இருக்கும். அந்தத் திறப்பால் புதிய டோக்கன்களை விரும்பிய அளவு அச்சிடலாம். மாற்றங்களை நிறுத்திவைக்கலாம். குறிப்பிட்ட முகவரிகள் விற்க முடியாமல் தடுக்கலாம். விற்பனைக் கட்டணத்தை ஏறக்குறைய முழுத் தொகையாக உயர்த்தலாம். மாற்றியமைக்கக்கூடிய கொன்ராக்ட் என்றால், பைபிட்டில் ஹக்கர்கள் செய்தது போல முழு விதிப்புத்தகத்தையுமே மாற்றிவிடலாம்.

இவை பிழைகள் அல்ல. வேண்டுமென்றே எழுதப்பட்ட விதிகள். நல்ல ஓடிட்டர் "அதிகாரம் ஓரிடத்தில் குவிந்துள்ளது" என்று இதை அறிக்கையில் எழுதுவார். எழுதிய பின்னரும் "ஓடிட் செய்யப்பட்டது" என்ற வரி விளம்பரத்தில் வரத்தான் செய்யும்.

2021 ஒக்டோபர் கடைசியில் ஸ்குவிட் கேம் தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. சில நாட்களில் விலை சில சதங்களிலிருந்து 2,800 டொலருக்கு மேல் ஏறியது. ஏறியதற்கு ஒரு காரணம், வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. வாங்க மட்டுமே முடிந்த சந்தையில் விலை வேறெங்கே போகும்? நவம்பர் 1 அன்று, நடத்தியவர்கள் சுமார் 3 மில்லியன் டொலரோடு மறைந்தார்கள். விலை ஒரு சதத்துக்கும் கீழே விழுந்தது.

நிரல் நேர்மையானது, திட்டம் நேர்மையானதா?

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 2022 ஓகஸ்ட் 1 அன்று போர்சேஜ் என்ற திட்டம் தொடர்பாக 11 பேர் மீது வழக்குத் தொடுத்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானவர்களிடமிருந்து 300 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டிய திட்டம் அது. முழுவதும் ஸ்மார்ட் கொன்ராக்டில் இயங்கியது. புதிதாகச் சேருபவரின் பணத்தை மேலே உள்ளவர்களுக்குப் பிரித்து அனுப்பியது. நிரல் எழுதப்பட்டபடியே வேலை செய்தது. எழுதப்பட்டது ஒரு பிரமிட். சீட்டுப் புத்தகத்தில் கூட்டல் கழித்தல் சரியாக இருப்பதால் சீட்டுப் பிடிப்பவர் நாணயமானவர் ஆகிவிட மாட்டார் என்பது எங்கள் பெண்களுக்குத் தெரிந்த விடயம். இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலிலும் ஒன்மக்ஸ் டிரி, எம்.ரி.எப்.இ. போன்ற, கைத்தொலைபேசிச் செயலிகளோடு வந்த பெயர்கள் உண்டு.

பெயரே பொய்யாக இருந்த கதையும் டுபாயில் நடந்தது. 2021 மே மாதம் "டுபாய்கொயின்" என்ற நாணயம் அரசின் உத்தியோகபூர்வ நாணயம் என்று செய்தி பரவி, அதன் விலை ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. எந்த அதிகாரபூர்வ நிறுவனமும் அதை அங்கீகரிக்கவில்லை என்றும், அதை விளம்பரப்படுத்தும் இணையத்தளம் தகவல் திருடுவதற்கான மோசடி என்றும் டுபாய் அரசு உடனே அறிவிக்க வேண்டி வந்தது.

மோசடி என்று எவரும் நிரூபிக்காத இடத்திலும் பணம் கரையலாம். மந்த்ரா என்ற நிறுவனம் டுபாயின் டமாக் குழுமத்தோடு ஒரு பில்லியன் டொலர் பெறுமதியான சொத்துகளை டோக்கனாக்கும் ஒப்பந்தத்தை 2025 ஜனவரியில் அறிவித்தது. பெப்ரவரியில் டுபாயில் உரிமமும் பெற்றது. ஏப்ரல் 13 அன்று அதன் ஓஎம் டோக்கன் சில மணி நேரத்தில் 6 டொலருக்கு மேலிருந்து ஒரு டொலருக்கும் கீழே, ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது. பரிமாற்றத் தளங்களில் கட்டாயமாக விற்கப்பட்டதே காரணம் என்று நிறுவனம் சொன்னது. டோக்கன்கள் சிலரின் கையில் குவிந்திருந்ததே காரணம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். எப்படியானாலும் நிரலை யாரும் உடைக்கவில்லை. விலை நிலைக்குமா என்பது நிரல் ஓடிட்டின் எல்லைக்குள் வராத கேள்வி.

இதை ஏதோ கிரிப்டோவுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். அபுதாபியில் இயங்கி, லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருந்த என்.எம்.சி. ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தை வளைகுடாவில் அறியாதவர் இல்லை. ஆண்டுதோறும் ஓடிட் செய்யப்பட்ட நிறுவனம். 2.1 பில்லியன் டொலர் என்று சொல்லப்பட்டிருந்த அதன் கடன் 6.6 பில்லியன் என்று 2020 மார்ச்சில் வெளிவந்தது. எங்கள் தொழிலின் நூற்றாண்டு அனுபவத்தோடும் இது நடந்தது. பத்து வயதேயான ஒரு தொழிலின் முத்திரையை அதைவிடப் பெரிதாக நம்புவது எப்படி?

சட்டம் எங்கே நிற்கிறது?

டுபாய் 2022ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வாரா என்ற தனி ஒழுங்குமுறை அமைப்பை நிறுவியது. நிதி மையமான டிஐஎப்சி தவிர்ந்த டுபாய் முழுவதும் அதன் கீழ் வருகிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தமது தொழில்நுட்பத்தைச் சுயாதீனமான வெளித்தரப்பால் சோதிக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் உண்டு. விளம்பரங்களுக்கும் விதி உண்டு. பெறுமதி முழுவதும் இழக்கப்படலாம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 2024 ஒக்டோபரிலிருந்து நடைமுறை. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது.

அபுதாபி நிதி மையத்தில் 2018 முதலும் பஹ்ரைனில் 2019 முதலும் விதிமுறைகள் உள்ளன. குவைத்தில் நிலைமை நேர்மாறு. 2023 ஜூலையில் கிரிப்டோவைக் கொடுப்பனவாகவும் முதலீடாகவும் பயன்படுத்துவதை முற்றாகத் தடைசெய்துவிட்டார்கள். குவைத்திலிருந்து ஒருவர் டோக்கன் வாங்கி ஏமாந்தால், முறையிடப் போகும்போது முதற்கேள்வி அவரை நோக்கியே வரும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. விசா முதலாளியின் கையில் இருக்கும்போது, பணத்தை உண்டியல் வழியாகவோ நண்பரின் கணக்கு வழியாகவோ அனுப்பியிருக்கும்போது, எம்மவர் பொலிஸுக்குப் போகமாட்டார் என்பதை இந்தத் திட்டங்களை நடத்துபவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

டோக்கன் என்றாலே பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 மே மாதம் டுபாய் காணித் திணைக்களமே வீடுகளைப் பங்குகளாக்கி, 2,000 திர்ஹமிலிருந்து வாங்கக்கூடிய டோக்கன் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே டோக்கனுக்குப் பின்னால் காணிப் பதிவேடும், அதற்குப் பின்னால் ஓர் அரசும் நிற்கின்றன. வட்ஸ்அப் டோக்கனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நீங்களே பார்க்கக்கூடியவை

நிரல் தெரியாதவரும் அரை மணி நேரத்தில் பார்க்கக்கூடியவை சில உண்டு. ஈதர்ஸ்கான், பிஎஸ்சிஸ்கான் போன்ற தளங்களில் டோக்கனின் முகவரியை இட்டால் எல்லாம் பகிரங்கமாகக் கிடைக்கும்.

1. ஓடிட் அறிக்கையை விளம்பரக் குழுவிலிருந்து எடுக்காதீர்கள். ஓடிட் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் அந்த அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். போலி அறிக்கை தயாரிப்பது கடினமான வேலையல்ல.

2. அறிக்கையில் உள்ள கொன்ராக்ட் முகவரியும் உங்களை வாங்கச் சொல்லும் முகவரியும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அறிக்கையின் திகதிக்குப் பின் நிரல் மாற்றப்பட்டதா என்றும் பாருங்கள்.

3. திருத்தப்படாமல் "அறிந்துகொண்டார்" என்று விடப்பட்ட குறைகளை வாசியுங்கள். அறிக்கையின் முதற்பக்கத்தை விட அவை முக்கியம்.

4. உரிமையாளர் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா, புதிதாக அச்சிடும் அதிகாரமும் விதியை மாற்றும் அதிகாரமும் யாரிடம் என்று கேளுங்கள். அந்தத் திறப்பு ஒருவரிடமா, பலரிடமா என்பதும் முக்கியம்.

5. வைத்திருப்போர் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் பத்து முகவரிகளிடம் பெரும்பகுதி இருந்தால், அவர்கள் விற்கும் நாளில் உங்கள் விலை தீர்மானிக்கப்படும். அவற்றில் சில பரிமாற்றத் தளங்களுடையதாக இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

6. உங்கள் வொலட் "அனுமதி கொடுக்கவா?" என்று கேட்டால், எவ்வளவு தொகைக்கு, யாருக்கு என்று வாசிக்காமல் அழுத்தாதீர்கள். எல்லையற்ற அனுமதி என்பது தொகை எழுதாத காசோலை. பழைய அனுமதிகளை இரத்துச் செய்யவும் வழி உண்டு.

7. டுபாய் உரிமம் என்று சொன்னால், வாராவின் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரையும் எந்தச் சேவைக்கான உரிமம் என்பதையும் சரிபாருங்கள். நிறுவனத்துக்கு உரிமம் இருப்பது, அது விற்கும் டோக்கனின் விலைக்கு உத்தரவாதம் ஆகாது.

இந்த ஏழில் ஒன்றுக்காவது தெளிவான பதில் இல்லை என்றால், அல்லது கேட்டதற்காகக் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால், உங்களுக்குத் தேவையான அறிக்கை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே பணத்தை இழந்தவர்கள் பரிமாற்ற இலக்கங்களையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். டுபாயில் உள்ளவர்கள் பொலிஸின் ஈகிரைம் தளத்தில் இணையவழியாகவே முறையிடலாம். "இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று வருபவர்களை நம்ப வேண்டாம். அது இரண்டாவது களவு.

வளைகுடாவில் எங்களுக்கு ஓய்வூதியம் இல்லை. குடியுரிமையும் இல்லை. வேலை முடியும் நாளில் கையில் வரும் பணிக்கொடையும், வருடக்கணக்காக ஒதுக்கிய சேமிப்பும்தான் ஊரில் கட்டப்போகும் வீடு, பிள்ளையின் படிப்பு, சகோதரியின் கலியாணம். அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பது அவரவர் முடிவு. ஆனால் "ஓடிட் செய்யப்பட்டது" என்று யாராவது சொன்னால் உடனே திருப்பிக் கேளுங்கள்: எதை ஓடிட் செய்தார்கள், எந்தத் திகதியில், யார் கட்டணம் கொடுத்தார்கள், திறப்பு யாரிடம்? கோயில் பொதுக்கூட்டத்தில் பொருளாளரிடம் கேட்கத் தயங்காத நாங்கள், முகம் தெரியாத ஒருவரிடம் இதைக் கேட்க ஏன் தயங்க வேண்டும்?